கடைசிப் பந்திக்கு முன்னால்

மாப்பிள்ளை வீட்டு பஸ் ஒன்று இனிமேல்தான் வரவேண்டியிருக்கிறது என்று கோசலையிடம் யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள், அவள் இந்தக் கல்யாணத்துக்கு யார், பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, சமையல் ஆளா, பாத்திரம் வாடகைக்கு விட்டவர்களின் ஆளா, ஒன்றுமில்லை, மிச்சச் சோற்றுக்கு வந்தவள். வத்தலக்குண்டு ரோட்டு மண்டபத்தின் பின்பக்கம், சமையல்கூடத்துக்கும் கை கழுவும் இடத்துக்கும் நடுவில், காலி சிலிண்டர்களை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் ஒரு கால் லேசாக வளைந்திருந்ததால் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது, கொஞ்சம் அசந்தால் சிலிண்டர் பக்கம் சாய்த்துவிடும். அப்போதுதான் மைக் பேசியது. காலையிலிருந்து கரகரத்துக்கொண்டிருந்த அந்த மைக்காரர், நாடக ராஜா சபைக்கு வருகிற குரலில், வழியில் டயர் வெடித்த காரணத்தால் தாமதமாக வருகை தந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டு உறவின்முறையார் அனைவரும் நேரே பந்திக்குச் சென்று உணவருந்தி மணமக்களை வாழ்த்துமாறு இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறோம், கேட்டுக்கொள்கிறோம் என்றார். இரண்டாவது கேட்டுக்கொள்கிறோம் முடிவதற்குள் கோசலை எண்ணத் தொடங்கிவிட்டாள். பஸ் என்றால் எத்தனை பேர், ஐம்பதா, நின்றுகொண்டு வந்தவர்களைச் சேர்த்தால் அறுபதா, பிள்ளைகுட்டிகள் மடியில் எத்தனை. டயர் வெடித்த பஸ் என்றால் ரோட்டோரத்தில் நின்றிருப்பார்கள், வெயிலில் நின்றிருப்பார்கள், பசியோடு வருவார்கள். பசியோடு வருவார்கள் என்று நினைத்ததும் ஐயோ பாவம் என்றுதானே தோன்ற வேண்டும், தோன்றவில்லை.

ஏனென்றால் அவள் போட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் முன்னாலேயே போனில் போட்டுவிட்டாள். 'ஒரு பிடி' குழுவில் அவள் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மண்டபத்திலோ விடுதியிலோ மெஸ்ஸிலோ சாப்பாடு மீந்தால் யாராவது குழுவில் சொல்வார்கள், பக்கத்தில் இருக்கும் தொண்டர் போய்ப் பார்த்து, ருசி பார்த்து, இத்தனை பேருக்கு வரும் என்று போடுவார், ஏதாவது ஓர் இல்லம் எங்களுக்கு வேண்டும் என்று பதில் போடும், தொண்டர் 'உறுதி' என்று ஒரு வார்த்தை போடுவார், அதோடு அந்த இல்லத்தில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். இதைப் பாலகுமரன் சார், குழுவை ஆரம்பித்தவர், கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கரகரக்கச் சொல்வார். ஃப்ரெண்ட்ஸ், நம்ம ஒரு வார்த்தைய நம்பி ஒரு வீட்டுல அடுப்பு அணையுது ஃப்ரெண்ட்ஸ், யோசிச்சுப் பாருங்க. குழுவில் விதி என்று இருப்பது ஒன்றே ஒன்று, கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் போட வேண்டும். அதற்கு முன்னால் அண்டாவில் எவ்வளவு நின்றாலும் அது கல்யாணக்காரர் சோறு, மிச்சம் இல்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே கோசலைதான். அக்கா எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க என்று அந்தப் பெண்கள் சொல்லும்போது கூச்சமாகவும் இருக்கும், ஒரு பக்கம் குளிர்ச்சியாகவும் இருக்கும். இன்றைக்கு முதல் பந்தியே பாதி காலி. இரண்டாவதில் இலை போட்ட இடத்தில் எல்லாம் ஆள் இல்லை, முகூர்த்த நாள், ஊரெல்லாம் கல்யாணம், மொய் வைத்துவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுகிறார்கள். சமையல் மாஸ்டர் சோணைமுத்து அண்ணன் கரண்டியால் அண்டாவின் விளிம்பைத் தட்டி, பாருங்க தாயி, அம்புட்டும் நிக்கிது என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு வீடும் கட்டிலும் மின்விசிறியும் நினைவுக்கு வந்துவிட்டன. ஆறு நாள் பள்ளிக்கூட ஆபீசில் நின்றுகொண்டே ரசீது கொடுக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அதுவும் எட்டு மணியிலிருந்து இந்த சிலிண்டர்களோடு. சீக்கிரம் போட்டால் சீக்கிரம் வேன் வரும், சீக்கிரம் வேன் வந்தால் சீக்கிரம் படுக்கலாம். எண்பது பேருக்கு வரும் என்று போட்டாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பிள்ளைகள் இல்லம், நாற்பது பிள்ளைகள், நன்றி, ராத்திரிக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம் என்றது. உறுதி என்று போட்டாள். ஒரு வார்த்தைதான், அதைப் போட்ட கட்டைவிரல் இப்போது மடியில் தனியாகக் கிடப்பது போல இருந்தது.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பந்தி நடக்கும் கூடத்தின் ஒரு துண்டு தெரிந்தது, கதவு அளவுக்கு. அந்தக் கதவு அளவில் மொத்தம் ஐந்து இலை. ஐந்து இலையைப் பார்த்து மொத்தப் பந்தியையும் அறிந்துகொள்ளலாம் என்று அவளுக்கு அனுபவம் சொல்லும், நாக்கைச் சப்புக்கொட்டுகிறவர்களா, பேச்சுக்குச் சாப்பிடுகிறவர்களா, நடுவில் எழுந்து போகிறவர்களா. இவர்கள் எவரும் எழுந்து போகிற ஜாதி இல்லை. ஓரத்தில் ஒரு மனிதர், பனியன் தெரிகிற சட்டை, சோற்றைக் குழித்து அணை கட்டி அதற்குள் சாம்பாரைத் தேக்குகிறார், வாளிக்காரர் நகரப் பார்த்தால் இலைக்கு மேலே கையைக் காட்டி இன்னும் என்கிறார், இன்னும். பக்கத்தில் ஒரு அம்மாள் தன் இலைக்கும் வாங்கி, பிள்ளை இலைக்கும் வாங்கி, பிள்ளை சாப்பிடாததை வழித்துத் தன் இலையில் போட்டுக்கொள்கிறாள். சாப்பிடட்டுமே. கல்யாணம் அவர்களுடையது, சோறு அவர்களுக்காக வடித்தது, பெண்ணைப் பெற்றவர் கடனோ உடனோ வாங்கி இவர்களுக்காகத்தான் அண்டா ஏற்றினார். அந்த மனிதர் ரசத்துக்குத் திரும்பவும் சோறு கேட்டார். போதும், எழுந்திரு, ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்திரு, உனக்கு என்ன வயிறா தண்ணீர்த் தொட்டியா என்று கோசலைக்குள் ஒரு குரல் சொன்னது. யார் குரல் அது என்று அவள் கொஞ்சம் திகைத்தாள். சின்ன வயதில் அவள் சாப்பிடும்போது சித்தி பக்கத்தில் நின்று சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், சட்டியை மட்டும் பார்ப்பாள், அந்தப் பார்வைக்குக் குரல் இருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும். இலையில் மிச்சம் வைத்தாலும் அவளுக்குப் பிரயோஜனமில்லை, எச்சில் இலைச் சோற்றை எடுக்க முடியாது. ஆகையால் அவர்கள் வாங்கவே கூடாது. வாங்கினால் போச்சு, இலையில் கிடந்தாலும் போச்சு, வயிற்றுக்குள் போனாலும் போச்சு. அங்கே அவள் நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றது. வயிற்றுக்குள் போன சோற்றையும் வீணாய்ப் போனது என்று எண்ணுகிற இடத்துக்கா வந்திருக்கிறோம். உணவை வீணாக்காதீர் என்று எழுதிய பனியனைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, பசித்தவன் சாப்பிடுவதைப் பார்த்து வயிறு எரிகிறது. பனியனின் எழுத்து மார்பில் சூடாக ஒட்டியிருந்தது, வியர்வையில்.

போன் துடித்தது. இல்லத்துச் சமையல்காரி செல்லக்கிளியின் பெயர். கோசலை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது, பஸ் வந்துவிட்டது, உங்கள் பிள்ளைகளின் சோற்றை எங்கள் கண் முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றா. துடித்து, அடங்கி, மறுபடி துடித்தது, ஒரு கவிழ்ந்த வண்டு மாதிரி மடியில் சுற்றியது. அடுப்பு பற்றவைக்காத சமையல்கட்டு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு மாதிரி ஈரமாக, பூனை வந்து உட்காருகிற மாதிரி. நாற்பது தட்டு. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்காருவார்கள், தட்டைத் திருப்பி வைத்துத் தாளம் போடுவார்கள், முதல் தடவை அவள் வேனோடு போனபோது அந்தத் தாளம் தெருமுனைக்கே கேட்டது. அன்றைக்கு ஏதோ காதுகுத்து, தேங்காய்ச் சாதமும் கேசரியும். ஒரு சின்னப் பெண் கேசரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், ஏன்டி சாப்பிடலை என்று கேட்டதற்கு, தின்னா தீந்துருமே என்றாள். அன்று ராத்திரி கோசலை வீட்டுக்குப் போய் அழுதாள், நல்ல அழுகை, ஒரு மாதிரி நிறைந்த அழுகை. அந்த அழுகைக்காகத்தான் இத்தனை நாளும் வருகிறோமோ என்று சில சமயம் தோன்றும், அது அப்புறம் ஒரு தரம்கூட வரவில்லை, இடுப்பு வலிதான் வந்தது. அவள் வீட்டுக்காரர் அவளைப் பற்றி ரேடியோ மாதிரிச் செய்தி வாசிப்பார். இன்றைய முக்கியச் செய்திகள், திண்டுக்கல் நகரில் எண்பது பேருக்குச் சோறு போட்டார் திருமதி கோசலை, அவரது கணவருக்கு நேற்றைய தோசை மாவில் ஊத்தப்பம், வானிலை வறண்டே காணப்படும். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், அவளும் சிரிப்பாள். இன்றைக்கு என்ன வாசிப்பார். நாற்பது பிள்ளைகள் பட்டினி, கட்டைவிரலே காரணம்.

மூன்றாம் தடவை போன் அடங்கியபோது அவள் எழுந்து சமையல்கூடத்துக்குள் போனாள். எழுந்ததும் முழங்கால் தன் இஷ்டத்துக்கு ஒரு சத்தம் போட்டது. சோணைமுத்து அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்க வேண்டியதே இல்லை, அண்டா சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நிற்கிற அண்டாவில் சோறு இருக்கிறது என்று அர்த்தம், சாய்த்த அண்டாவில் வழிக்கிறார்கள் என்று அர்த்தம். சாம்பார் வாளி, கூட்டு வாளி எல்லாம் காலியாகக் கவிழ்ந்திருந்தன. அவருக்கும் வருத்தம்தான். தனக்கே பஸ் விஷயம் தெரியாது என்றார், தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா என்றார், இந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பஞ்சத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று தாழ்ந்த குரலில் சேர்த்தார். அவர் அப்படிச் சொன்னதும், சற்று முன் அதையே நினைத்த கோசலைக்கு அவர்கள் மேல் சட்டென்று ஒரு பரிவு வந்தது, பாவம்ணே வெயில்ல நின்னிருப்பாங்க என்றாள், வந்த வேகத்தில் அந்தப் பரிவு போயும் விட்டது. ஹோட்டலில் சொல்லி நாற்பது பொட்டலம் வாங்கிவிடலாமா. ஞாயிற்றுக்கிழமை, இந்த நேரத்துக்கு, யார் கட்டிக் கொடுப்பார்கள், கட்டி முடிக்கிறதுக்குள் பிள்ளைகள் சுருண்டுவிடும். வேறு மண்டபம் எதிலாவது மீந்திருக்கிறதா என்று குழுவில் கேட்கலாம், கேட்டால் எல்லோருக்கும் தெரியும். கோசலை அக்கா பந்தி எழறதுக்கு முன்னாடியே போட்டுட்டாங்களாம். அப்படியா, அவங்களா, நமக்கு வகுப்பு எடுப்பாங்களே. ஒவ்வொருவர் குரலும் அவளுக்கு அச்சாகக் கேட்டது, மூக்கால் பேசுகிறவள், இழுத்துப் பேசுகிறவள், ஒன்றும் சொல்லாமல் கைகூப்பும் பொம்மை மட்டும் போடுகிறவள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாலகுமரன் சாரின் குரல் பதிவு வந்தது. காதில் வைத்தாள். கோசலை மேடம், வேன் ரெடியா நிக்குது மேடம், ஸ்டேட்டஸ் சொல்லுங்க மேடம், எண்பது பேரோட ஆசீர்வாதம் உங்களுக்கு. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். ஆசீர்வாதம். களைப்பாக இருந்தது, காலில் வருகிற களைப்பு இல்லை, பல்லுக்கு அடியில் எங்கேயோ இருக்கிற களைப்பு. இப்படியே பின்வாசல் வழியாகப் போய் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எந்த ஊருக்கு என்றுகூடச் சொல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் என்ன. போனை ஜன்னல் வழியாக வயலில் எறிந்துவிட்டால் என்ன. வயலில் கிடந்தும் அது செல்லக்கிளி செல்லக்கிளி என்று துடிக்கும்.

அது கையிலேயே துடித்தது. மறுபடி அவள்தான். கோசலை வெளியே வந்து கூடத்துப் பக்கம் பார்த்தாள், அந்த மனிதர் மோர்ச் சோற்றுக்கு வந்திருந்தார், உள்ளங்கையால் வழித்து உறிஞ்சினார், கண்ணை மூடிக்கொண்டார். சாகிறவன் தண்ணீர் குடிக்கிற மாதிரியும் இருந்தது, சாமி கும்பிடுகிறவன் மாதிரியும் இருந்தது. அவள் பச்சையை அழுத்தினாள்.

"யக்கா, எத்தன தடவ அடிக்கிறது? வருமா வராதா?"

"வராது செல்லக்கிளி." சொல்லிவிட்டாள். வரிசையாக அடுக்கி வைத்திருந்த மன்னிப்புகளில் கைக்கு வந்ததை முதலில் எடுத்தாள். "பஸ் ஒண்ணு வந்திருச்சு. என் தப்புதான், நான் முந்திப் போட்டுட்டேன்."

"சரிக்கா. அப்ப பிள்ளைகள உக்கார வச்சிர்றேன்."

"உக்கார வச்சு என்னத்தப் போடுவ?"

"சோறுதான். வடிச்சு வச்சிருக்கேன்ல. பருப்பும் கத்திரிக்காயும்."

கோசலை காலி சிலிண்டர் மேல் உட்கார்ந்துவிட்டாள். சூடேறியிருந்த இரும்பு, சேலைக்குள் சுட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. உறுதின்னு போட்டா அடுப்பே பத்த வைக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே என்று கேட்டாள்.

"அது எங்க இல்லத்து ஐயா சொல்றது. அவரு ஆபீஸ்ல உக்காந்திருக்கவரு. நாப்பது பிள்ளைய வச்சுக்கிட்டு போன்ல வர்ற சோத்த நம்பி எவளாவது ஒலைய எறக்குவாளா? உங்களத் தப்பா சொல்லலக்கா. நான் எல்லா நாளும் வடிச்சிருவேன்."

"நாங்க கொண்டு வந்த நாளெல்லாம்?"

"அன்னிக்கும்தான்."

"அந்தச் சோறு?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு செல்லக்கிளி குரலை இறக்கிக்கொண்டு, கொஞ்சத்துக்குத் தண்ணி ஊத்தி வப்பேன், காலையில நானும் வாட்ச்மேனும் குடிச்சுக்கிருவோம், மிச்சத்தப் பின்னாடி பன்னி வளக்குறவரு வாளியில வாங்கிட்டுப் போயிருவாரு என்றாள். இத ஐயாகிட்டச் சொல்லிராதீங்கக்கா என்றாள்.

முதலில் வந்தது நிம்மதிதான், வெட்கமில்லாத நிம்மதி. பிள்ளைகள் பட்டினி இல்லை. ஒருத்தி இருக்கிறாள், போனை நம்பாத ஒருத்தி, அவள் இருக்கிறவரைக்கும் பட்டினி இல்லை. அதற்குப் பின்னால் அடுத்தது மெதுவாக வந்தது, சாக்கடையில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. காதுகுத்துச் சாதம், வளைகாப்புச் சாதம், கட்சிக் கூட்டத்துப் பிரியாணி, எத்தனை அண்டாக்களைக் காப்பாற்றிக் கொண்டுபோய் இறக்கினாள், இறக்கிய ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் ஓர் அண்டா பின்வாசல் வழியாக வாளிக்குப் போயிருக்கிறது. இங்கே குப்பைக்குப் போக வேண்டியது அங்கே தட்டுக்குப் போனது, அங்கே தட்டுக்குப் போக வேண்டியது பன்றிக்குப் போனது. ஃப்ரெண்ட்ஸ், இந்த மாசம் நாம காப்பாத்துன உணவு எவ்வளவு தெரியுமா ஃப்ரெண்ட்ஸ். பன்றிகள் எழுந்து நின்று கைதட்டுகின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் வெளியே வராத சிரிப்பு, வயிறு மட்டும் குலுங்கியது. செல்லக்கிளி மேல் கோபம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. நாமும் அப்படித்தான் வடித்திருப்போம். நாற்பது பிள்ளைகள் நம்முடையவர்கள் என்றால் எந்தக் குழுவின் எந்த உறுதியையும் நம்பி ஒரு நாளும் உலையை இறக்கியிருக்க மாட்டோம். இதை எப்படி எண்ணிக்கையில் போடுவது, யாரிடம் சொல்வது, அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு வருவது, வராமல் இருந்தால் அந்த ஞாயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நினைப்பு சுற்றிச் சுற்றி வந்து அந்த வாளியிலேயே விழுந்தது.

போனில் தட்டுகளின் சத்தம் வந்தது. செல்லக்கிளி இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, போனை எங்கேயோ திண்டில் வைத்துவிட்டு, தள்ளி உக்காரு, நீ இங்கிட்டு வா என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பையனின் குரல், கல்யாணச் சோறு வரலையா என்றது. வரலடா, இன்னிக்கு நம்ம சோறு. போச்சுடா என்று இன்னொரு குரல், இனிப்பும் இல்லையா என்று ஒரு பெண் குரல், பருப்பா என்று யாரோ வயதான கிழவர் மாதிரி சலித்துக்கொள்ள, வரிசை முழுவதும் பருப்பா, பருப்பா என்று அதே கிழவர் குரலில் சொல்லிச் சிரித்தது. கோசலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். அப்போது சோணைமுத்து அண்ணனின் ஆட்கள் இரண்டு பேர் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வாய்க்கால் பக்கமாக. அண்ணன் பின்னாலேயே வந்தார், பருப்புப் பாயசம் தாயி, கால்வாசிகூடப் போகல, சோத்த அந்த வாரு வாருனவங்க பாயசத்துக்கு மட்டும் எல்லாரும் கையக் கவுத்துட்டாங்க, வந்த சனம் அம்புட்டுக்கும் சக்கரையாம் என்று அலுத்துக்கொண்டார்.

கோசலை எழுந்து பாத்திரத்துக்குக் குறுக்கே நின்றாள். கொட்டவேண்டாம் என்று கையைக் காட்டினாள். கரண்டியில் கொஞ்சம் வாங்கி உள்ளங்கையில் விட்டு நக்கினாள், வெல்லம் தொண்டையில் சுருக்கென்றது, ஏலக்காய், முந்திரி, கெட்டுப்போகவில்லை, சூடுகூட இருந்தது. பாலகுமரன் சாரிடமிருந்து இன்னொரு குரல் பதிவு வந்து விழுந்தது, திறக்கவில்லை. குழுவைத் திறக்கலாம், பாயசம் நாற்பது பேருக்கு என்று போடலாம். வேன் வரும், படம் எடுப்பார்கள். அவள் சோணைமுத்து அண்ணனிடம் மூடி உள்ள தூக்குவாளி கிடைக்குமா என்றும் வாசலில் ஆட்டோ நிற்குமா என்றும் கேட்டாள். பெரிய தூக்குவாளி ரெண்டு இருக்கு, ஆட்டோவுக்கு ஆள் அனுப்புறேன், நீங்க உக்காருங்க தாயி, மூஞ்சியெல்லாம் செத்துக் கிடக்கு என்றார் அவர். அவள் உட்காரவில்லை.

"செல்லக்கிளி," என்று போனில் கூப்பிட்டாள். மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் அவள் வந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"சோத்தப் போட்டுட்டியா?"

"போட்டுக்கிட்டிருக்கேன்க்கா. என்ன?"

"போடு, நிறுத்தாத. பாயசம் கொஞ்சம் இருக்கு. ஆட்டோவுல நானே எடுத்துட்டு வரப் பாக்குறேன்."

"கொண்டாங்க, கொண்டாங்க, பிள்ளைக குதிக்குங்க. ஏய், கேட்டீங்களாடி..."

"ஏட்டி, இரு இரு," என்றாள் கோசலை. "பிள்ளைககிட்டச் சொல்லிராத. நான் கேட்டுக்குள்ள வந்தப்புறம் சொல்லிக்கலாம்."